மஞ்சளான ஹெட்லைட், கீறிய வைசர், மங்கிய மீட்டர்: வண்டி பிளாஸ்டிக் பாலிஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் வாட்டர் வாஷும் பாலிஷும் செய்கிற கடை என்னுடையது. காசிமேட்டிலிருந்து மீன் லோடு ஏற்றுகிறவர்கள், மணலிக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி ஆட்டோக்காரர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தியதும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் போட்டிருப்பது, ஒரு பதிலிலிருந்து இன்னொன்றுக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. "அண்ணா, கழுவிக் கழுவிப் பாக்குறேன், ஹெட்லைட் மஞ்சள் போகவே மாட்டேங்குது. அழுக்குதானே அது?"

அழுக்கு இல்லை. அந்தக் காலத்து அம்பாசடருக்கும் பழைய புல்லட்டுக்கும் ஹெட்லைட் கண்ணாடியில் வந்தது. கண்ணாடி மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, கல் பட்டால் சுலபத்தில் உடையாது, எந்த வளைவுக்கும் வார்க்கலாம். ஆனால் வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால் கம்பெனியிலேயே மேலே ஒரு மெல்லிய கடினப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள்.

வருஷக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு நுண்ணியதாக வெடிக்கிறது, அங்கங்கே உரிகிறது. அதன் பிறகு கதிர் நேராக பிளாஸ்டிக்கைத் தாக்கி, மேல் தோலின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் மஞ்சள், கெட்டுப்போன பிளாஸ்டிக்கின் நிறம். சோப்பு போட்டால் அது போகாது. அந்தத் தோலைத் தேய்த்து எடுத்தால்தான் போகும்.

2. "எங்க ஏரியாவுல மட்டும் ஏன் சீக்கிரம் மங்குது? தாம்பரத்துல என் மச்சான் வண்டி அப்படியே இருக்கே?"

முதல் காரணம் எங்கும் வெயில்தான். உங்கள் மச்சான் வீட்டில் வண்டி நிறுத்த ஷெட் இருக்கலாம். நம் பக்கம் முக்கால்வாசிப் பேர் தெருவில்தான் நிறுத்துகிறோம். ஒரே காரில் இடது விளக்கு தெளிவாகவும் வலது விளக்கு மஞ்சளாகவும் இருந்தால், நீங்கள் தினமும் எந்தப் பக்கம் வெயில் பார்க்க நிறுத்துகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

மஞ்சளுக்கு வெயில் என்றால், கீறலுக்குக் காரணம் தூசி. கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர், மணலி சாலைகளில் பறக்கும் தூசியில் மணல் இருக்கிறது, அது பிளாஸ்டிக்கை விடக் கடினம். அதோடு கடற்காற்றில் வரும் உப்பும் காய்ந்து படிகிறது. காலையில் அவசரமாகக் காய்ந்த துணியால் துடைக்கும்போது அந்த மணலையும் உப்பையும் நாமே பிளாஸ்டிக் மேல் வைத்துத் தேய்க்கிறோம். கடைக்கு வரும் மீட்டர், வைசர் கீறல்களில் பெரும்பகுதி விபத்தில் வந்ததில்லை, துடைத்து வந்தது. முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் துடையுங்கள். இதை மட்டும் கடைப்பிடித்தாலே இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

3. "டூத்பேஸ்ட் போட்டுத் தேச்சா பளபளன்னு ஆவுதுன்னு வீடியோவுல காட்டுறாங்களே, நெசமா?"

அன்றைக்கு நிஜம். பல் விளக்கும் பேஸ்டில் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி இருக்கிறது. அது மேலோட்டமான மங்கலை எடுக்கும். ஆனால் ஆழமான மஞ்சள் அப்படியே இருக்கும், பாதுகாப்புப் பூச்சு எதுவும் திரும்பி வராது. சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும்.

பேஸ்டால் கெடுதல் குறைவு. உடம்பில் பூசும் கொசு விரட்டி ஸ்பிரேயை அடிக்கச் சொல்கிற வீடியோக்களைத்தான் நம்ப வேண்டாம். அதில் இருக்கும் டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கரைக்கிறது. கரைந்து வழுவழுப்பாவதால் தெளிந்த மாதிரி தெரியும். பிறகு பிசுபிசுத்து, தூசி ஒட்டி, முன்பை விட மோசமாகும். டபிள்யூடி-40 என்ற துரு நீக்கும் ஸ்பிரே, தேங்காய் எண்ணெய் எல்லாம் கீறலுக்குள் புகுந்து மறைக்கும், ஒரு மழையில் போய்விடும்.

4. "பாலிஷ் பண்ணா என் லைட் தேறுமா, தேறாதான்னு முன்னாடியே தெரிஞ்சிக்க வழி இருக்கா?"

இருக்கிறது, காசே ஆகாது. விளக்கை நன்றாகக் கழுவிவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்தால் பிரச்சினை மேல்பரப்பில் இருக்கிறது. தண்ணீர் நுண்கீறல்களை நிரப்பிவிடுவதால்தான் அந்தத் தெளிவு. இப்படிப்பட்ட விளக்கு பாலிஷில் கண்டிப்பாகத் தேறும்.

ஈரமாக இருக்கும்போதும் உள்ளே சிலந்தி வலை போல வெடிப்பு தெரிந்தால் அது ஆழமானது. தேய்த்தால் மங்கல் குறையும், வெடிப்பு இருக்கும். ஈரத்திலும் மங்கல் கொஞ்சமும் மாறவில்லை என்றால் கோளாறு உள்பக்கத்தில். அதற்கு 11, 12 பார்க்கவும்.

5. "வீட்டுலயே பண்ணிக்கலாமா? என்னென்ன வாங்கணும்?"

தாராளமாகச் செய்யலாம். பொறுமை இருந்தால் கடைக்காரர் செய்வதை விட நன்றாகவே வரும், ஏனென்றால் உங்களுக்கு அடுத்த வண்டி காத்திருக்காது. வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நுண்ணியது) 800, 1000, 1500, 2000, முடிந்தால் 3000 நம்பரும், ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்ட் (நுண்கீறலை எடுக்கும் பாலிஷ் பசை), மாஸ்கிங் டேப், மைக்ரோஃபைபர் துணி, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர். பாரிமுனை, மண்ணடிப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலும் பெயிண்ட் கடைகளிலும் எல்லாம் கிடைக்கும். கடைசியில் போடும் பூச்சு தனி, அதை 9-இல் சொல்கிறேன்.

நிழலில் நிறுத்தி, விளக்கைக் கழுவி, சுற்றியுள்ள பெயிண்ட் மேல் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். பேப்பரைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, விளக்கையும் நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும், காயவே விடக்கூடாது. ஒரு நம்பரில் இடம் வலமாகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் மேல் கீழாகத் தேயுங்கள். அப்போதுதான் முந்தைய பேப்பரின் கோடு முழுக்கப் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். 800 விட்ட கோட்டை 2000 எடுக்காது, காம்பவுண்டும் எடுக்காது.

கடைசி பேப்பர் முடிந்ததும் கழுவித் துடைத்து, காம்பவுண்டைத் துணியில் எடுத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் தெளிவு வந்துவிடும்.

6. "எந்த நம்பர்ல ஆரம்பிக்கணும்? ஒருத்தர் 400ன்றார், ஒருத்தர் 2000ன்றார்."

விளக்கைப் பொறுத்தது. லேசான மங்கல் என்றால் 1000 அல்லது 1500 போதும். பழைய பூச்சு திட்டுத் திட்டாக உரிந்திருந்தால் 800, ரொம்ப மோசமென்றால் 600. நான் 400 தொடுவதில்லை. அது விடும் பள்ளத்தை எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

வழியும் தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் மஞ்சளாக வடியும், அது கெட்டுப்போன தோல். பிறகு வெள்ளையாக வடியத் தொடங்கினால் நல்ல பிளாஸ்டிக் வரைக்கும் வந்துவிட்டீர்கள். எல்லா மூலையிலும் வெள்ளை வரும்வரை முதல் நம்பரை விடாதீர்கள். ஓரங்களில் பழைய பூச்சு கொஞ்சம் தங்கினாலும் அங்கிருந்துதான் மறுபடி உரியும்.

7. "ப்ரோ, தேச்சேன், முன்ன விட மோசமா வெள்ளையா ஆயிடுச்சு. லைட்டு போச்சா?"

போகவில்லை. 1000 நம்பர் போட்ட எந்த பிளாஸ்டிக்கும் பால் வெள்ளையாகத்தான் இருக்கும். பாதியில் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் கடைக்கு ஓடி வருகிறார்கள். 2000 தாண்டியதும் உள்ளே பல்பு தெரியத் தொடங்கும், காம்பவுண்டில் தெளியும். காம்பவுண்ட் போட்டும் புகை படிந்தாற்போல இருந்தால், நடுவில் ஏதோ ஒரு நம்பரை அவசரமாக முடித்திருக்கிறீர்கள். ஒரு படி பின்னால் போய்த் திரும்ப வாருங்கள்.

8. "கையில தேய்க்க முடியல மாமா. கிரைண்டர்ல பஃப் மாட்டிப் பண்ணலாமா?"

ஆங்கிள் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அது நிமிஷத்துக்குப் 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அந்த உரசல் சூட்டில் பிளாஸ்டிக் இளகி இழுபட்டுவிடும். பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸ் பக்கம் இளகும். மீட்டர் கவரிலும் டெயில் லைட்டிலும் வரும் அக்ரிலிக் 105 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். இழுபட்ட இடத்தை எந்த பாலிஷும் சரிசெய்யாது.

வேகம் குறைக்கக்கூடிய டிரில்லில் ஸ்பாஞ்ச் பேட் மாட்டி, நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் ஓட்டலாம். பேடை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், நடுநடுவே கையால் தொட்டுப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

9. "போன தடவை ஒரு இடத்துல பாலிஷ் போட்டேன், அன்னிக்கு புதுசு மாதிரி இருந்துச்சு. மூணு மாசத்துல திரும்ப மஞ்சள். ஏமாத்திட்டாங்களா?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். பாலிஷ் என்பது கெட்டுப்போன தோலை எடுப்பது. எடுக்கும்போது கம்பெனி போட்ட பூச்சில் மிச்சம் இருந்ததும் போய்விடும். இப்போது உங்கள் விளக்கு வெறும் உடம்போடு வெயிலில் நிற்கிறது. புதுப் பூச்சு போடாமல் விட்டால், முதல் முறை பல வருஷம் எடுத்த மஞ்சள் இந்த முறை சில மாதங்களிலேயே வரும். பூச்சு போடாமல் விடுவதற்குப் பாலிஷே போடாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து. எங்கே கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, "தேய்ச்ச பிறகு மேலே என்ன போடுவீங்க?" என்பதைத்தான்.

போடக்கூடியவை பல. அதிக நாள் நிற்பது, ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் கோட். அதிலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். துணியைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் அடிக்கிற வேலை இல்லை அது. சரியான மாஸ்க் உள்ள பெயிண்டிங் ஷாப்பில் கொடுங்கள். அடுத்தது, ஹெட்லைட் பாலிஷ் கிட்டோடு வரும் துடைத்துப் பூசும் பூச்சு. வீட்டில் செய்கிறவர்களுக்கு அதுவே நல்லது, வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். விளக்கு மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிமும் நல்ல வழிதான், வளைவில் சுருக்கமில்லாமல் ஒட்டத் தெரிந்த கை வேண்டும். எதுவும் போடாததற்கு மெழுகு பரவாயில்லை, ஆனால் சில வாரங்கள்தான் நிற்கும். மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ் மட்டும் வேண்டாம், அதுவே மஞ்சளாகி உரியும்.

பூச்சு போடும் முன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் கூடவே கூடாது, பாலிகார்பனேட் அதில் வெடித்துவிடும். அப்புறம் நாள் பார்த்துச் செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக் காற்றில் பூச்சு சரியாகக் காயாது, வெள்ளை பூக்கும். ஈரமில்லாத நாளாகப் பார்த்து, கடற்காற்று ஏறுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

10. "கப்புல ஏதோ ஊத்தி ஆவி காட்டுறாங்க, ரெண்டே நிமிஷத்துல கண்ணாடி ஆயிடுது. அது எப்படி?"

கப்பில் இருப்பது தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் கரைப்பான், பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் போன்றது. சூடாகி வரும் ஆவி மேல் தோலை இளக்கிச் சமமாக்குகிறது. பார்க்க அசத்தலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆவி மூச்சுக்கு நஞ்சு, பிளாஸ்டிக்கிலும் பின்னால் நுண்வெடிப்பு வர இடம் கொடுக்கிறது. கதிரைத் தடுக்கும் பூச்சும் அதில் இல்லை, ஆக 9-இல் சொன்ன கதைதான் திரும்பவும். என் கடையில் இதை வைப்பதில்லை. சின்னப் பையன்கள் காற்றோட்டமில்லாத இடத்தில் நாள் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

11. "மழை பேஞ்சா உள்ள பனி மாதிரி கட்டிக்குது. வெளிய பாலிஷ் பண்ணா போகுமா?"

போகாது. லேசாகக் கட்டி, விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது இயல்பு. காற்று போய்வர ஹெட்லைட்டின் பின்னால் சின்ன வழி வைத்திருப்பார்கள், அதைச் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல்பு மாற்றியபோது ரப்பர் மூடியைச் சரியாக மாட்டாமல் விட்டிருப்பார்கள், பல நேரம் அதுதான் காரணம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீரே நின்றால் ஓரத்துப் பசை விட்டிருக்கிறது, பிரித்துக் காயவைத்து மறுபடி ஒட்ட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். உப்புக் காற்று உள்ளே போனால் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கும், அது போனால் வெளியே எவ்வளவு தெளிவாக இருந்தும் வெளிச்சம் வராது.

12. "பல்புக்கு நேரா பழுப்பா ஒரு வட்டம். தேச்சும் போகல."

உள்ளிருந்து வெந்திருக்கிறது. கம்பெனி பல்பு காரில் 60/55 வாட், நிறைய பைக்குகளில் 35/35 வாட். வெளிச்சம் பத்தவில்லை என்று 100 வாட் பல்பு மாட்டினால் அந்தச் சூட்டில் பிளாஸ்டிக், ரிஃப்ளெக்டர், ஒயர் எல்லாமே வேகும். வெளிச்சம் பத்தாமல் போனதற்கே முதலில் காரணம் மங்கிய பிளாஸ்டிக்காக இருந்திருக்கும் என்பதுதான் வருத்தம். இதற்கு விளக்கை மாற்றுவதுதான் வழி.

13. "ஹெல்மெட் வைசர் ஃபுல்லா கீறல். அதையும் இப்படித் தேச்சுக் கொடுங்கண்ணா."

செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். ஹெட்லைட் வழியாக வெளிச்சம் வெளியே போகிறது, அவ்வளவுதான். வைசர் வழியாக நீங்கள் பார்க்கிறீர்கள். கையால் தேய்த்தால் தடிமன் அங்கங்கே மாறிக் காட்சி நெளியும். மேலிருக்கும் கீறல் தடுப்புப் பூச்சும் போய்விடுவதால் அடுத்த வாரமே இரட்டிப்பாகக் கீறும். ராத்திரி எதிரே லாரி வரும்போது ஒவ்வொரு கீறலும் ஒரு வெளிச்சக் கோடாக விரியும். அந்த நேரத்தில் ரோட்டில் இருக்கும் பள்ளம் தெரியாது.

புது வைசர் சில நூறு ரூபாய்தான். உங்கள் ஹெல்மெட் மாடலுக்கே உரியதை வாங்குங்கள். பிறகு தண்ணீரும் துளி ஷாம்பும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம்.

14. "ஸ்கூட்டி மீட்டர் கிளாஸ் மங்கிப் போச்சு, ஸ்பீடே தெரியல. இதுக்காச்சும் பாலிஷ் ஆகுமா?"

ஆகும், நன்றாகவே ஆகும். பேப்பர் பெரும்பாலும் தேவையே இல்லை, காம்பவுண்டும் துணியும் போதும். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலுக்கு மட்டும் 2000-இல் தொடங்கலாம். ஓரத்து இடுக்கில் காம்பவுண்ட் புகாமல் டேப் ஒட்டுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்களே கறுத்தோ வெளுத்தோ போயிருந்தால் அது உள்ளே இருக்கும் டிஸ்பிளே வெயிலில் கெட்டது, மேலே தேய்த்துப் பயனில்லை.

15. "ஆட்டோ பின்னாடி ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்டு பால் கலர்ல ஆயிடுச்சே?"

அது மடங்கும் பி.வி.சி. ஷீட். அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெயிலில் வெளியேறிவிடுவதால் விறைத்து மங்குகிறது. தேய்த்தால் கிழியும். டாப் தைக்கிற கடையில் அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைத்துக் கொடுப்பார்கள்.

16. "பம்பர், மட்கார்டு கறுப்பு பிளாஸ்டிக்கு சாம்பலா வெளுத்துப் போச்சு. அதுக்கும் காம்பவுண்டா?"

கூடாது. சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் போட்டால் குழிகளில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், எடுப்பது பெரும்பாடு. நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக் ட்ரிம்முக்கென்றே விற்கும் திரவத்தைப் பூசுங்கள். மேட் ஃபினிஷ் பைக்குகளுக்கும் இதே எச்சரிக்கை. பாலிஷ் பட்ட இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகத் தெரியும், அதைத் திரும்ப மேட்டாக்க முடியாது.

17. "2023 மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர்ல எண்ணெய்த் தண்ணியில நின்ன வண்டி சார். அந்தக் கறை பிளாஸ்டிக்குல இன்னும் இருக்கு."

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்த அந்த டிசம்பரில் நம் பக்கத்துச் சனங்கள் பட்டது கொஞ்சமில்லை. வண்டி மட்டுமா, சுவர், படகு, வலை எல்லாம் கறுத்தது. பிளாஸ்டிக்கில் படிந்திருப்பது கனமான எண்ணெய். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து எடுக்கத் தோன்றும், வேண்டாம், காரணம் 9-இல் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஊறவைத்துப் பல முறை கழுவுங்கள். எண்ணெய் முழுக்கப் போன பிறகுதான் பேப்பர் தொட வேண்டும், இல்லாவிட்டால் கறையைப் பரப்பத்தான் செய்வீர்கள். கழுவிய பின் 4-இல் சொன்ன தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுவதே மேல்.

18. "அடுத்த வாரம் எஃப்.சி. பாலிஷ் பண்ணிட்டா லைட்டு பாஸ் ஆயிடுமா?"

எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சோதனையில் மங்கல் மட்டும் குறை என்றால் பாலிஷ் பெரிய உதவி. விளக்கு கோணம் தப்பியிருந்தாலோ, ரிஃப்ளெக்டர் போயிருந்தாலோ உதவாது. வாடகை வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. எடுக்கிறோம். கடைசி வாரத்தில் ஓடி வராமல் அதற்கு முன்பே ஒரு ராத்திரி சுவரைப் பார்த்து லைட் அடித்துப் பாருங்கள். ஒளி எங்கே விழுகிறது, ஓரம் தெளிவாக வெட்டி நிற்கிறதா என்று தெரியும்.

19. "பேசாம புது லைட்டே மாட்டிட்டா என்ன? எத்தனை தடவைதான் பாலிஷ் போடுறது?"

அமெரிக்காவின் மோட்டார் வாகனச் சங்கமான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட சோதனை முடிவின்படி, மங்கிப்போன விளக்குகள் புதிய விளக்கு தரும் ஒளியில் சுமார் 20 சதவீதம்தான் தந்தன. பாலிஷுக்குப் பின் அது சுமார் 70 சதவீதம் வரை ஏறியது. அதாவது பாலிஷ் வீண் இல்லை, ஆனால் புதுசுக்குச் சமமும் இல்லை. கம்பெனி விளக்கு வாங்க முடிந்தால் வாங்குங்கள். மலிவான டூப்ளிகேட் விளக்கு வெளியே பளபளப்பாக இருக்கும், ரிஃப்ளெக்டர் சுமாராக இருந்தால் ஒளி சிதறும். அதை விட உங்கள் ஒரிஜினல் விளக்கைப் பாலிஷ் போட்டுப் பூச்சு அடிப்பது எவ்வளவோ மேல். பழைய உதிரி பாகம் விற்கும் புதுப்பேட்டையில் ஒரிஜினல் தேடுகிறவர்கள் 4-இல் சொன்ன தண்ணீர்ச் சோதனையை அங்கேயே செய்து பார்த்து வாங்குங்கள். ரிஃப்ளெக்டர் பளிச்சென்று இருக்கிறதா என்றும், மாட்டும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க மறக்காதீர்கள்.

எத்தனை தடவை என்றால், பூச்சைக் கவனித்துக்கொண்டால் மறுபடி பிளாஸ்டிக்கைத் தொடவே வேண்டியிருக்காது. பூச்சு மங்கத் தொடங்கும்போதே 1500 அல்லது 2000-இல் லேசாகத் தேய்த்துப் புதுப் பூச்சு போட்டால் போதும். முழு மஞ்சளாகும் வரை விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப 800 போட்டால்தான் விளக்கின் வளைவும் ஓரமும் தேய்ந்து சீக்கிரம் மாற்ற வேண்டி வரும்.